கார்டு வேணாம், கட்டில் வேணும்

கோஷம் போடுவதில் முதல் பாதியை எடுத்துக் கொடுக்கிறவனுக்குத்தான் பேர். மறுபாதியைச் சொல்கிறவர்களுக்குப் பேர் கிடையாது, அவர்கள் கூட்டம். நூம்பல் துலுக்கானம் முதல் பாதிக்காரன். அவன் பெண்சாதி பேபி மறுபாதி.

தொழிலாளர் சங்கம் எந்த ஊர்வலம் போனாலும், அம்பத்தூர் எஸ்டேட் வாசல் ஆகட்டும், பூந்தமல்லி தாலுகா ஆபீஸ் ஆகட்டும், துலுக்கானம்தான் முன்னால் நிற்பான். மைக் இல்லாமல் தெருக்கோடிக்குக் கேட்கிற தொண்டை. எஸ்டேட்டில் இரும்புக் கம்பி லோடு ஏற்றி இறக்கி உரம் ஏறிய நெஞ்சு. அவன் எடுத்தால் ஜனத்துக்கு எச்சில் முழுங்க நேரம் இருக்காது. பதில் சொன்னவர்கள் வாயை மூடுவதற்குள் அடுத்ததை எடுத்துவிடுவான். பெண்கள் வரிசையின் முன்னால் நடக்கும் பேபி அதைத் தவறவிடாமல் பிடிப்பாள். அவள் பிடித்தால்தான் பின்னால் வருகிற பெண்கள் பிடிப்பார்கள்.

அந்த பேபிதான் இப்போது வானகரம் பக்கம் பைபாஸ் ஓரத்து ஆஸ்பத்திரியில், மூன்றாம் மாடியில், ஜன்னலோரக் கட்டிலில், ஒரு பேச்சை ஒரே மூச்சில் பேசி முடிக்க முடியாமல் கிடந்தாள். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போய்விட்டது. நெஞ்சை அறுத்து மாற்றவேண்டும். அரசாங்கக் காப்பீட்டுக் கார்டில் செய்கிறார்கள். துலுக்கானம் அவளை ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்து வாசலில் இறக்கி, துணிப் பையைக் கையில் கொடுத்து, "சோறு எட்த்துகினு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். போனவன் போனவன்தான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலில் பார்த்தால் சர்வீஸ் ரோட்டில் தண்ணீர் நிற்கும். கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் அந்தத் தண்ணீர் எழுந்து டீக்கடைத் தார்ப்பாயில் அடிக்கும். டீக்கடைக்காரன் ஒவ்வொரு லாரிக்கும் ஒரு கெட்டவார்த்தை சொல்வது வாயசைப்பில் தெரியும். பேபி அதைப் பார்த்துக்கொண்டே பொழுதைத் தள்ளினாள். குடை பிடித்து வருகிற ஆளையெல்லாம் உற்றுப் பார்த்தாள். துலுக்கானத்துக்குக் குடை பிடிக்கும் பழக்கமே இல்லை. ஆனாலும் பார்த்தாள்.

"இன்னா பேபிம்மா, இன்னிக்கும் உன் ஊட்டுக்காரரு வர்லியா?" என்றாள் பக்கத்துக் கட்டில் ஷரீஃபுன்னிசா. பூந்தமல்லிக்காரி, பேபிக்கு அவள் ஆபா, அதாவது அக்கா. அவளுக்கும் நெஞ்சில்தான் கோளாறு. மகள் அஃப்ஷீன் வேளாவேளைக்கு டிபன் கேரியரோடு வந்துவிடுவாள்.

"மயை பெய்யுதுல்ல ஆபா."

"மயையில பஸ்சு போவுது, லாரி போவுது. மனுசனுக்கு மட்டும் கால் கரைஞ்சிடுமா?"

பேபி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேசினால் மூச்சு வாங்கும் என்பது நல்ல சாக்கு. இந்த நோய் வந்ததில் கிடைத்த ஒரே வசதி அதுதான்.

அன்று காலையில் காப்பீட்டுப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து, "அப்ரூவல் வந்துடுச்சும்மா. நாளன்னைக்கு மத்தியானம் ஆபரேஷன். உங்க சொந்தக்காரங்க யாராவது வந்து கையெழுத்து போடணும். அது இல்லாம டாக்டர் தியேட்டருக்குள்ள எடுக்கமாட்டாரு" என்று சொல்லியிருந்தாள்.

"யாரு வருவாங்க?"

"அவரு வருவாரு."

"போன் பண்ணிச் சொல்லிடுங்க."

போன் பண்ணிக்கொண்டுதான் இருந்தாள். அடித்து அடித்து நின்றது. புள்ளைகுட்டி இல்லாத வீடு. கையெழுத்துக்கு வேறு நாதி கிடையாது.

நர்ஸ் கலைவாணி தினமும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து கையில் கொடுப்பாள். உள்ளே மூன்று குழாய், மூன்று பந்து. வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே ஏறவேண்டும். "ஊதாதம்மா, இழு. ஆபரேஷனுக்கு முன்னாடி நுரையீரல் பழகணும்." பேபி இழுப்பாள். முதல் பந்து குழாயில் பாதி ஏறி நடுங்கும், அப்புறம் டொக்கென்று விழும். மற்ற இரண்டும் இருந்த இடத்தில் இருக்கும்.

இதே நெஞ்சு ஒரு காலத்தில் தெருவையே தூக்கியது.

ஊரெல்லாம் போடுகிற அந்தக் கார்டு கோஷம் பிறந்ததே பேபியின் வாயில்தான். அது துலுக்கானத்தைத் தவிர யாருக்கும் தெரியாது. காப்பீட்டுத் திட்டம் வேண்டாம், அந்தப் பணத்தில் அரசு ஆஸ்பத்திரியைப் பெரிதாக்கு என்று சங்கம் முடிவெடுத்தபோது ஆபீசில் ஒரு கோஷம் எழுதிக் கொடுத்தார்கள். துலுக்கானம் வீட்டுக்கு வந்து வழக்கம்போல் பேபியிடம் ஓட்டிப் பார்த்தான். எந்தக் கோஷமும் வீட்டில் ஒருமுறை அவளோடு ஓடாமல் தெருவுக்குப் போகாது.

"'காப்பீடு என்ற பெயரால் தனியார் மருத்துவமனைகளுக்கு மக்களின் வரிப்பணத்தைத் தாரை வார்க்காதே!' எப்டி?"

பேபி அரிசி களைந்துகொண்டிருந்தாள். "யோவ், இத்த நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள முன்னாடி போறவன் தாலுகா ஆபீசுக்கே பூட்ருப்பான்."

"சங்கத்து செயலாளரே எய்தினாருமே."

"யாரு எய்தினா இன்னா? வாயில நிக்கணும்ல."

அவள் தம்பி பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடந்தது அவளுக்கு அப்போது ஞாபகத்துக்கு வந்தது. மஞ்சள்காமாலை. கட்டில் இல்லை என்று வராந்தாவில் பாய் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். வருகிறவன் போகிறவன் செருப்பெல்லாம் அவன் தலைமாட்டில்தான். பேபி பக்கத்தில் குந்தி, அவன் கையை யாரும் மிதித்துவிடாமல் தன் முழங்காலை அண்டைகொடுத்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை கட்டில் கிடைக்கவில்லை. அவனைத் தூக்கிப்போகத்தான் ஸ்ட்ரெச்சர் வந்தது.

"கார்டு இன்னாத்துக்கு?" என்றாள் அரிசிக் கழுநீரை வடித்தபடி. "கார்டு மேல படுக்க முடியுமா? கட்டில் போட சொல்லு. கார்டு வேணாம், கட்டில் வேணும்."

துலுக்கானம் அப்படியே நின்றான். அப்புறம் கத்தினான்: "கார்டு வேணாம்!"

"கட்டில் வேணும்!" என்றாள் பேபி, கையில் அரிசிப் பானையோடு. குரல் மூன்று வீடு தாண்டிப் போனது. எதிர்வீட்டுக்காரி, "ஆரமிச்சிட்டாங்கடா புருசனும் பொண்டாட்டியும்" என்று ஜன்னலைச் சாத்தினாள். அவர்கள் வீட்டில் கொஞ்சல் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

மாசம் திரும்புவதற்குள் அந்தக் கோஷம் போஸ்டராகிச் சுவரேறிவிட்டது. ஆவடி பஸ் டெப்போ சுவரிலும் பாரிவாக்கம் ஏரிக்கரையிலும் அதுதான். எழுதியவர் பேர் போஸ்டரில் எப்போதும் இருக்காது. பேபிக்கு அதில் குறையும் இல்லை.

குறை வந்தது ஆவணி வெயிலில். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டிலிருந்து தாலுகா ஆபீசுக்கு ஊர்வலம். தார் ரோடு கொதித்தது. துலுக்கானம் எடுத்தான். பேபி வாயைத் திறந்தாள். வாய் திறந்தது, காற்று வரவில்லை. நெஞ்சுக்குள் யாரோ ஈரச் சாக்கைப் போட்டு அழுத்துகிற மாதிரி இருந்தது. பின்னால் வந்த பெண்கள் அவள் சொல்வாள் என்று காத்திருந்து, அவள் சொல்லாததால் முணுமுணுத்து, கோஷம் பிசுபிசுத்துப்போனது. துலுக்கானம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். இன்னும் வேகமாக எடுத்தான்.

முடிந்ததும் டீக்கடையில் எல்லார் முன்னாலும் கேட்டான். "இன்னாமே, வாயில கொயக்கட்டையா வெச்சிருந்த?"

செயலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தோழருக்கும் கார்டு மேல ஆசை வந்துடுச்சு போல."

எல்லோரும் சிரித்தார்கள். பேபி டீ கிளாசை உதட்டில் வைத்துக்கொண்டு மூச்சைத் தேடிக்கொண்டிருந்தாள். சிரிப்புக்குப் பதில் சொல்லக்கூட முடியவில்லை. பதில் சொல்லாததால் அது உண்மையாகிவிட்டது.

வீட்டில் சண்டை. "உங்க பெரிம்மா புள்ள வேம்புலி எதுனா ஓதிட்டானா?" என்றான். வேம்புலி ஆளுங்கட்சியில் வட்டப் பொறுப்பில் இருக்கிறவன். திட்டத்தின் முகாம் எங்கே நடந்தாலும் வெள்ளைச் சட்டையோடு வாசலில் நிற்பான்.

"நீ எடம் வுடாம கத்துனா நான் மூச்சு எங்க வாங்கறது?"

"ஊரே சொல்லுது. உனுக்கு மட்டும்தான் மூச்சு முட்டுதா?"

அதற்கப்புறம் பேபியை யாரும் ஊர்வலத்துக்குக் கூப்பிடவில்லை. சங்கத்துப் பெண்கள் ரேஷன் கடையில் பார்த்தால் விலைவாசி பேசினார்கள், கூட்டம் எப்போது என்று பேசவில்லை. துலுக்கானமும் கோஷங்களை வீட்டில் ஓட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டான். அவன் எதிரே குந்திச் சோறு தின்கிற சத்தம் மட்டும் வீட்டில் கேட்டது. ஒரே அறைதான் அந்த வீடு. அதில் பேச்சு போய்விட்டால் மிச்சம் எதுவும் இல்லை.

பிறகு ஒரு நாள் வானகரம் அபார்ட்மெண்டில் மாப் போட்டுக்கொண்டிருந்தவள் லிஃப்ட் வாசலில் வாளியோடு சாய்ந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சில் கருவி வைத்துக் கேட்ட டாக்டர், "எவ்வளவு காலமா இப்படி?" என்றார். "படி ஏறுனா வாங்கும் சார். கோஷம் போட்டாலும்" என்றாள். அவர் கோஷத்தை எழுதிக்கொள்ளவில்லை. வால்வு மாற்றவேண்டும், இங்கே வரிசை நீளம், கட்டில் கிடைப்பது கஷ்டம் என்றார். "கார்டு இருக்கா? இருந்தா தனியார்ல சீக்கிரம் முடிஞ்சிடும்." வராந்தாவில் பாய்கள் அப்படியே இருந்தன. துலுக்கானம் அந்தப் பாய்களைத் தாண்டித் தாண்டி வெளியே வந்தான்.

கார்டு எடுக்கும் முகாமில் குடும்பத் தலைவன் விரல் வைக்கவேண்டும் என்றார்கள். வாசலில் வேம்புலி. "வாங்க மாமா வாங்க! நம்ம ஊட்டுக்கு வழி இப்பத்தான் தெரிஞ்சுதா?" துலுக்கானம் விரலை வைத்தான். மிஷின் எடுக்கவில்லை. துடைத்து வைத்தான். எடுக்கவில்லை. இரும்பு தூக்கித் தூக்கி ரேகை தேய்ந்த விரல். வேட்டியில் தேய்த்தான், தண்ணீரில் நனைத்தான், வேறு விரல் வைத்தான். வரிசை முழுக்க, கோஷக்காரன் கார்டுக்காக விரல் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் இடது கைச் சுண்டுவிரல் ரேகை பதிந்தது. அன்று குனிந்த தலையை அவன் இன்னும் நிமிர்த்தவில்லை என்பது பேபிக்குத் தெரியும். தெரிந்தாலும், சோறு எட்த்துகினு வரேன் என்று போனவன் வராமல் இருப்பதற்கு அது போதுமா என்று ஜன்னலில் பார்த்தபடி கேட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வந்தது வேம்புலி. கையில் ஆப்பிள் பை, தோளில் சால்வை.

"யக்கா! எப்டி கீற?"

"கீறேன்டா. குந்து."

"மாமா எங்க?"

"லோடுக்குப் போய்க்கீறாரு."

"என்னாண்டயேவா? வேலப்பன்சாவடியில பார்த்தனே. பசங்களுக்குக் கோஷம் சொல்லிக் குட்த்துகினு கீறாரு. நாளன்னிக்கு ஊர்வலமாம், இந்த ரோடு வழியா." ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான். "ஒண்ணு சொல்றேன் கேளுக்கா. அந்தக் 'கார்டு வேணாம் கட்டில் வேணும்' இருக்குதே, எவன் எய்தினானோ தெரியல, கில்லாடி. சின்னப் பசங்கோ பாண்டி ஆடறப்பக்கூட அத்த சொல்லிகினு குதிக்குதுங்கோ. மேலேர்ந்து எங்களுக்கு டோஸ். நாலு வார்த்தைக்குப் பதிலா நாலு வார்த்தை உங்களால யோசிக்க முடியாதாடான்னு."

பேபி ஆப்பிள்களைப் பார்த்தாள். "எவனோ எய்திருப்பான்" என்றாள். நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடித்தது. நோயாலா என்று தெரியவில்லை.

"நான் யோசிச்சிட்டேன். 'கார்டும் கெடச்சுது, கட்டிலும் கெடச்சுது.' எப்டி? நீ இந்தக் கட்டில் மேல படுத்துகினு சொல்லணும். போன்ல எடுத்துக்கறேன். துலுக்கானம் சம்சாரமே சொல்ட்டாங்கன்னா அதுக்கு மேல அவங்கோ இன்னாத்த பேசறது?"

"வேணான்டா."

"அப்ரூவலே நான் போன் போட்டதாலதான் வந்துச்சு, தெரியும்ல?"

அவன் எந்தப் போனும் போடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். காப்பீட்டுப் பெண் வந்து சொன்னபோது அவனுக்கு அவள் அட்மிட் ஆனதே தெரியாது, மத்தியானம்தான் யாரோ சொல்லிக் கேட்டு போன் பண்ணி விசாரித்தான்.

"கையெயுத்துக்கு ஆள் கீதா?" என்றான்.

"அவரு வருவாரு."

"வர்லன்னா?"

ஷரீஃபுன்னிசா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆனால் காது இங்கேதான் இருந்தது.

"நான் சொல்லலன்னா கையெயுத்து போடமாட்டியா?"

வேம்புலி பதறிப்போனான். "சீச்சீ. இன்னாக்கா இப்டி கேக்கற? எங்கம்மா உன்ன இடுப்புல வெச்சிகினு திரிஞ்சவ. சொல்லலன்னாலும் போடுவேன். சொன்னா சந்தோஷமா போடுவேன். அடுத்த தபா கவுன்சிலர் சீட்டு கேக்க எனக்கும் ஒரு வாய் வேணும்ல."

அவன் பொய் சொல்லவில்லை என்று பேபிக்குப் பட்டது. அவன் சொல்லச் சொல்வதும் பொய்யில்லை. கார்டு கிடைத்தது நிஜம். முதுகுக்குக் கீழே கட்டிலும் இருக்கிறது, கம்பியெல்லாம் வெள்ளை அடித்த கட்டில். தம்பிக்குக் கிடைக்காத கட்டில். அவளுக்குச் சாக இஷ்டமில்லை. அது எந்தக் கட்சிக் கொள்கை என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எடு" என்றாள்.

போனைத் தூக்கிப் பிடித்தான். பேபி தலையணையில் நிமிர்ந்தாள். "கார்டும் கெடச்சுது..." என்றாள். நின்றுவிட்டது. உதடு திறந்திருந்தது, கண் எங்கேயோ பார்த்தது, கழுத்து எலும்புக்கு மேலே குழி விழுந்தது. ரொம்ப நேரம் கழித்துக் கிணற்றிலிருந்து வருகிற மாதிரி வந்தது: "...கட்டிலும் கெடச்சுது."

"நடுவுல கேப் வுடாதக்கா. இன்னொரு தபா."

இன்னொரு தபாவும் அப்படித்தான். மூன்றாவதற்கு மறுபாதி வரவே இல்லை. கலைவாணி ஓடிவந்து, "யாருய்யா நீ? பேஷண்ட்ட ஷூட்டிங் எடுக்கற? எழுந்திரு!" என்று விரட்டினாள். முதலில் எடுத்ததே போதும் என்று வேம்புலி சால்வையைப் போர்த்திவிட்டுப் போனான். ஆஸ்பத்திரிப் போர்வைக்கு மேல் அந்தச் சால்வை ஜரிகை குத்திக்கொண்டு கிடந்தது.

"நான் சொன்னது தப்பா ஆபா?" என்றாள் பேபி, வார்டு விளக்கை அணைத்த பிறகு.

"எனுக்கும் இதே கார்டுதான் பேபிம்மா. எந்தம்பி ஒரு கட்சி, என் மருமவன் ஒரு கட்சி. ஊட்டுல குந்தினா டிவி மாதிரி கத்துவானுங்கோ. ரத்தம் குடுக்க வாங்கடான்னு கூப்ட்டேன், ரெண்டு பேரும் போன எடுக்கல. நீ தூங்கு."

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் துலுக்கானம் வந்தான். வார்டு வாசலில் நின்று, சொட்டச் சொட்ட நனைந்த சட்டையைப் பிழிந்தான். கையில் தூக்குச்சட்டி. வந்து ஸ்டூலில் உட்காராமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பார்த்தேன்" என்றான்.

"இன்னாத்த?"

"வீடியோ. நம்ம சங்கத்து டில்லிபாபு அவன் போன்ல காமிச்சான். ஆபீஸ்ல எல்லாரும் பார்த்தாங்கோ."

பேபி சால்வையைக் காலால் கீழே தள்ளினாள். திட்டு வரும் என்று காத்திருந்தாள். அவன் முகத்தில் திட்டு இல்லை. என்னவோ ஒரு வெளிச்சம் இருந்தது.

"மொதல்ல எனுக்குத் தலைய எங்க வெச்சிக்கறதுன்னு தெரியல. அப்பறம் செயலாளரு திருப்பிப் போட சொன்னாரு. 'பாருங்க தோழர், நடுவுல நிறுத்தறாங்க. சொல்ல மனசு வர்ல. மிரட்டி சொல்ல வெச்சிக்கிறாங்க'ன்னாரு. எல்லாரும் ஆமா ஆமான்னாங்கோ. நாளிக்கு ஊர்வலத்துல அத்தயே பேசப்போறாரு. எனுக்கு நெஞ்சு இம்மாம் ஆயிடுச்சி பேபி. இந்த நெலமையிலயும் நீ அப்டி நிறுத்துன பாரு..."

பேபி அவனையே பார்த்தாள். சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சு இல்லை.

"நான் மூச்சு வாங்குனேன்யா" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை.

"அன்னிக்கி ஊர்வலத்துல மூச்சு வாங்குனேன். கட்சி மாறிட்டன்ன." நிறுத்தினாள். இழுத்தாள். "நேத்து மூச்சு வாங்குனேன். கட்சிய காப்பாத்திட்டன்ற. டாக்டரு மிஷின் வெச்சுப் பார்த்தாரு. நர்சம்மா கை வெச்சுப் பார்க்குது. நீ ஒரு தபா... இங்க கை வெச்சுப் பார்த்தியாய்யா?"

துலுக்கானம் கம்பியை விட்டான். கையைத் தூக்கினான், அது ஈரமாக இருந்தது, வேட்டியில் துடைத்தான், வேட்டியும் ஈரம். மறுபடி கம்பியையே பிடித்துக்கொண்டான்.

"ஏன் வர்ல?" என்றாள்.

"வந்தேன். தெனம் கேட் வரிக்கும் வந்தேன். உள்ள பூர்ற எடத்துல அம்மாம் பெரிய போர்டு, திட்டத்துப் பேர் போட்டு. அதுக்குக் கீய குனிஞ்சி வரணும். கால் வர்லமே."

"போர்டு கட்டடத்து மேல கீது. ஏன் குனியணும்?"

"தெரியல. குனியற மாதிரிதான் கீது."

"அப்ப சோறு?"

"டீக்கடையாண்ட ஒரு நாய் கீது. அதுக்கு வெச்சேன்."

"துன்னுச்சா?"

"துன்னுச்சு. உப்பு போடல. உனுக்கு உப்பு கூடாதுன்னாங்களே. அப்பவும் துன்னுச்சு."

பக்கத்துக் கட்டிலில் ஷரீஃபுன்னிசா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். துலுக்கானம் தூக்குச்சட்டியைத் திறந்தான். பருப்புக் கடைசலும் குழைந்த சோறும். அடியில் பிடித்த வாசனை. அவன் சமைத்ததுதான். பேபி தின்றாள். உப்பும் இல்லை, ருசியும் இல்லை. வழித்துத் தின்றாள்.

"கையெயுத்து வேம்புலி போடறன்னான்."

"அவன் எதுக்கு? நான் செத்தா பூட்டேன்?" என்று சொல்லிவிட்டு, சொன்ன வார்த்தைக்குப் பயந்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கலைவாணி பந்து டப்பாவோடு வந்தாள். "சார்தான் வீட்டுக்காரரா? இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று டப்பாவை பேபியிடம் நீட்டினாள்.

"இது இன்னாம்மா?" என்று துலுக்கானம் வாங்கிப் பார்த்தான்.

"மூச்சு இழுக்கணும் சார். பந்து ஏறணும்."

"இதானா?" வாயில் வைத்து இழுத்தான். மூன்று பந்தும் ஒரே நேரத்தில் படார் என்று மேலே போய் மூடியில் இடித்து அங்கேயே நின்றன. கலைவாணி, "போதும் சார், டப்பா உடைஞ்சிடும்" என்றாள். வார்டில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அஃப்ஷீன் கை தட்டினாள். துலுக்கானத்துக்கும் பெருமை. கலைவாணி வாய்க்குழாயை மாற்றிக் கொடுத்தாள். அவன் டப்பாவை பேபியிடம் தந்தான்.

பேபி வாயில் வைத்தாள். இழுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். தோள் எழும்பியது, கழுத்துக்குழி ஆழமாகியது. முதல் பந்து அசைந்தது. அசைந்து, குழாயில் ஒட்டினாற்போல மெல்ல மெல்ல ஏறி, பாதியில் நின்று நடுங்கி, விழுந்தது. பிறகு அவள் வாயைத் திறந்துகொண்டு அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தாள். மறுபடி வைத்தாள்.

துலுக்கானம் சிரிப்பை நிறுத்தியிருந்தான். ஸ்டூலில் உட்கார்ந்தான். முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, பந்தையே பார்த்தான். அது கீழே கிடக்கிற நேரத்தையும் பார்த்தான். அவள் ஒவ்வொருமுறை இழுக்கும்போதும் அவன் உதடும் சேர்ந்து மூடியது. பயிற்சி முடிந்து கலைவாணி டப்பாவை வாங்கிக்கொண்ட பிறகும் அவன் கண் அங்கேயே இருந்தது.

"நாளிக்குக் காலம்பற ஊர்வலம்" என்றான். "நான் போவல. டில்லிபாபு எடுக்கட்டும்."

"அவன் தொண்டை ஆட்டுக்குட்டி மாதிரி. நீ போ."

"ஆபரேஷன்..."

"மத்தியானம்தான. போய்ட்டு வா. இங்க குந்திகினு இன்னா பண்ணப்போற? என் மூஞ்சிய பார்த்துகினு அயுவ. எனுக்கு பேஜாரு."

அவன் எழுந்தான். கீழே கிடந்த சால்வையை எடுத்து உதறி, மடித்து, என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கால்மாட்டிலேயே வைத்தான். "குளிருக்கு ஆவும்" என்றான். கீழே போய்க் கையெழுத்து போட்டுவிட்டு, பார்வையாளர் நேரம் முடிந்ததால் மேலே வராமலே போய்விட்டான். ஜன்னலில் பேபி பார்த்தாள். டீக்கடை நாய் அவனை அடையாளம் தெரிந்துகொண்டு கொஞ்ச தூரம் கூடவே போனது.

மறுநாள் மழை விட்டிருந்தது. பேபிக்குப் பச்சைக் கவுன் மாட்டி, தலையை இரண்டு சடையாகப் போட்டு, கண்ணாடி வளையலைக் கழற்றச் சொன்னார்கள். தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. நாக்கு வறண்டு அட்டை மாதிரி இருந்தது. ஷரீஃபுன்னிசாவை எக்கோ ஸ்கேனுக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். பக்கத்துக் கட்டில் காலி. வளையல் இல்லாத கை அவளுக்கே யாருடையதோ போல் இருந்தது.

முதலில் தப்பு மேளச் சத்தம் வந்தது. அப்புறம் ரோடு அடைத்துக்கொண்டு லாரிகளின் ஹாரன். அதையெல்லாம் கிழித்துக்கொண்டு அந்தக் குரல்.

"கார்டு வேணாம்!"

"கட்டில் வேணும்!" கூட்டம் சொன்னது.

பேபிக்குத் தெரியும், இந்த இடத்தில் அவன் மூச்சுகூட விடாமல் அடுத்ததை எடுப்பான். எடுக்கவில்லை. ரோட்டில் சத்தமில்லை. தப்பு அடிப்பவனும் குழம்பி நிறுத்திவிட்டான். தொண்டை கட்டிக்கொண்டதோ என்று அவள் தலையை ஜன்னல் பக்கம் சாய்த்தாள். மூன்றாம் மாடிக்குத் தலைகள்தான் தெரிந்தன. கூட்டத்துக்கு முன்னால் ஒருவன் கையை மேலே தூக்கியபடி, ஊரையே நிறுத்தி வைத்துக்கொண்டு நின்றான். பந்து கீழே கிடக்கிற நேரம் அது. அப்புறம், பந்து மெல்ல ஏறுகிற நேரமும் போனது. அப்புறம்தான் கை இறங்கியது.

"கார்டு வேணாம்!"

"கட்டில் வேணும்!"

மறுபடி அந்த இடைவெளி. கூட்டத்தில் எவனோ பொறுக்காமல் தனியாக ஒரு தரம் கத்தி, அசடு வழிந்து அடங்கினான். ஒரே ஒரு ஆள் சொல்வதற்கென்று விட்ட இடம் ரோட்டின் நடுவில் காலியாகக் கிடந்தது.

பேபி இழுத்தாள். தோள் எழும்பியது. கழுத்துக்குழி விழுந்தது. வந்தது.

"கட்டில் வேணும்."

கீழே யாருக்கும் கேட்டிருக்காது. வார்டு கதவுக்குக்கூடக் கேட்டிருக்காது. ட்ராலி தள்ளிக்கொண்டு உள்ளே வந்த கலைவாணிக்கு மட்டும் கேட்டது.

"என்னம்மா, கட்டில் மேலதானே படுத்திருக்க?"

பேபி அவளைப் பார்த்தாள். சொல்ல நிறைய இருந்தது, வராந்தா இருந்தது, பாய் இருந்தது, தம்பி இருந்தான். அதற்கெல்லாம் மூச்சு இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, இருக்கிற மூச்சை அடுத்த மறுபாதிக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.